டவர் சித்தர் ஓட்டிய செல்போன் பேய்

சிக்கல் என்ற ஊரில் ஒரு சித்தர் இறங்கியிருக்கிறார்! சாதாரணச் சித்தரா? செல்போனில் ஏறிய பேயை இறக்குகிற டவர் சித்தர். சொந்தப் பெயர் கூத்தையா. போன வருடம் வரை ராமநாதபுரத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். கடை படுத்தது, ஞானம் எழுந்துவிட்டது.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். கடலாடியிலிருந்து ஆட்டோ, கீழக்கரையிலிருந்து கார். இந்தப் பேய்க்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை. நெட் இருந்தால் போதும். எல்லார் போனும் ஒரே மாதிரி அலறியது: 'உங்கள் போனில் வைரஸ்! உங்கள் படங்கள் ஊரெல்லாம் பரவப்போகின்றன!' கூடவே கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டிய படங்கள். சித்தர் போனை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். எலுமிச்சம்பழம் நசுங்கும். போன் அடங்கிவிடும், தட்டில் தட்சிணை விழும். வீட்டுக்குப் போய் அவருடைய 'தினசரி அருள்வாக்கு' பக்கத்தைத் திறந்து கும்பிட்டால் பேய் திரும்பி வந்துவிடும். பக்தி போதவில்லையாம்!

மிளகாய் விவசாயி உக்கிரபாண்டியின் போன் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே அந்தப் படங்களைக் காட்டித் தொலைத்தது. மனுஷன் கூனிக்குறுகிப் போனார். சித்தர் குறி சொன்னார்: "பொம்பளப்புள்ள கை பட்ட போனு. அவ படிப்ப நிறுத்து, பேயும் நின்னுரும்."

உக்கிரபாண்டி, கல்லூரியில் படிக்கும் மகள் சிநேகாவை அன்றே வீட்டில் உட்காரவைத்துவிட்டார். பேய் நிற்கவில்லை. அடுத்த பூசைக்கு அவளும் வந்தாள், வயிறெரிந்துபோய்.

"அய்யா, அந்த அருள்வாக்குப் பக்கத்த மொதல்ல தொறக்கயில என்ன கேட்டுச்சு?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"வாட்ஸப்புல எவனோ அனுப்புனான்னு தொறந்தேன். அம்மன் படத்தப் போட்டு, 'உங்க வீட்டுக்கு வரலாமா'ன்னு கேட்டுச்சு. கீழ 'அனுமதி', 'தடு'ன்னு ரெண்டு. வாரேங்கற தெய்வத்த எவன் தடுப்பான்?"

பக்கத்தில் நின்ற கீழக்கரை தாஜுன்னிசா, "எனக்குப் பள்ளிவாசல் படம்ல வந்துச்சு!" என்றாள்.

வாசலில் நின்று வரலாமா என்று கேட்டவரை நம் சீமையில் யார் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்? அந்த நல்ல குணத்தைத்தான் கூத்தையா தூண்டிலில் கோத்திருந்தார்.

"சாமி, சின்னதா ஒரு சோதனை" என்றாள் சிநேகா. அப்பா போனில் பிரவுசரின் செட்டிங்ஸைத் திறந்தாள். நோட்டிஃபிகேஷன் என்ற இடத்தில், அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்கிய வரிசையில், அருள்வாக்குப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. "நீங்களே தடுங்கய்யா." உக்கிரபாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு 'தடு'வில் விரலை வைத்தார். தாஜுன்னிசாவின் போனை அப்படியே விட்டார்கள். இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எலுமிச்சம்பழம் கிடையாது, மந்திரம் கிடையாது.

கொஞ்ச நேரத்தில் தாஜுன்னிசாவின் போன் அலறியது. மறுபடியும் அலறியது. உக்கிரபாண்டியின் போன் வாயே திறக்கவில்லை.

"அதுல பேய் தூங்குது" என்றார் சித்தர்.

"எழுப்புங்க சாமி, பாப்போம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாஜுன்னிசா தன் போனிலும் தானே தடுத்துப் பார்த்தாள். சத்தம் நின்றது. "யா அல்லாஹ்! ஏத்திவிட்டவனே எறக்கியும் விட்டிருக்கானே! நாசமாப் போறவன்!"

சித்தர் காற்றோடு கலந்துவிட்டார். கொல்லைப்பக்கம் பைக் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

அத்தோடு முடிந்ததா? நம் ஜனங்களாயிற்றே! ஒருவர் சிநேகாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து போனை நீட்டினார். "தாயி, எனக்கும் ஒரு தடவ மந்திரிச்சு விடு!"

"மந்திரிக்க மாட்டேன். எங்கன இருக்குன்னு காட்டுறேன், நீங்களே அமுக்குங்க. மொதல்ல எந்திரிங்க!"

உக்கிரபாண்டி மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். "நாளைக்குக் காலேஜுக்குப் போ ஆத்தா. எம் புத்தியத்தான் பேய் புடிச்சிருந்துச்சு" என்றார்.

ஐயா, அம்மா, அடுத்த சித்தர் இந்நேரம் பஸ் ஏறியிருப்பார். எதையும் அமுக்குமுன் உங்கள் மூளையைக் கொஞ்சம் கேளுங்கள். அது ஒன்றுதான் தட்சிணை வாங்காமல் பதில் சொல்லும்.