மீன் குழம்பும் டீம் லீடும்

ஒரு வேலைக்கு இரண்டு பேர் நின்றால் ஒருத்தர் செய்வார், இன்னொருத்தர் குறை சொல்வார். என் வீட்டுக்காரர் இரண்டாவது ரகம். நான் மீன் குழம்பு வைக்கும்போது அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "புளி ஜாஸ்தியா தெரியுதே, ஸ்டெல்லா" என்பார். "வாயை மூடிட்டுப் போங்க" என்பேன். (குழம்பு அருமையாக வரும். என் கைப்பக்குவம் என்றே நினைத்திருந்தேன்.)

அவர் காலமான பிறகு ஊரப்பாக்கம் வீட்டில் நானும் மகள் ஜெசியும்தான். அவளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. நிரந்தரம் ஆகுமா என்று இது நடந்த வாரம்தான் சொல்வதாக இருந்தார்கள். இவள் டைப் அடிக்க, கம்ப்யூட்டருக்கு உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் நாள் பூராவும் நொட்டை சொல்லும். "இது வேணாம் ஜெசி, அழிச்சிடு. ஏன் இப்படி எழுதினே?"

நான் ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனால் தாம்பரம் மார்க்கெட்டில் என்னிடம் எடை குறைத்தவன் கிடையாது. எத்தனை நாள் பொறுப்பேன்? காபி கொண்டுபோனவள் திரைமுன் குனிந்தேன்.

"ஏன் தம்பி, என் பொண்ணு விரல் தேய அடிக்கிறா. நீ சும்மா உட்கார்ந்துகிட்டு குறை சொல்றே. உனக்கு டைப் அடிக்கத் தெரியாதா? சொல்லு, இவ கத்துத் தருவா!"

அன்று பார்த்து மொத்த டீமும் திரையில் இருந்தது. ஏழெட்டு முகங்களும் வாயைப் பொத்திக்கொண்டன. ஜெசிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா! அவர்தான் டீம் லீட்! வேலையே இதுதான்மா. ஒருத்தர் எழுதணும், இன்னொருத்தர் கூடவே பார்த்து தப்பு சொல்லணும்."

காபி டம்ளரோடு இரண்டடி பின்வாங்கினேன். போச்சு, வேலை போச்சு!

அந்தத் தம்பி சிரித்தார். "மத்தியானம் நான் அடிப்பேன் ஆன்ட்டி, ஜெசி திட்டுவா. வந்து பாருங்க." (பார்த்தேன். என் மகள் அவரைவிட மோசம்.)

"இப்படிக் கூடவே இருந்து சொன்னா கோவம் வராதா தம்பி?"

"வரும் ஆன்ட்டி. ஆனா ஆள் லீவு போட்டா கையே ஓடாது."

நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். அவர் போனதிலிருந்து வருவதுபோல் அன்றும் குழம்பில் புளி தூக்கல்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்த டீமில் யார் குறை சொன்னாலும், "உனக்கு டைப் அடிக்கத் தெரியாதா தம்பி?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்களாம். வீட்டில் ஜெசி அடுப்படி வாசலில் நின்று அப்பா குரலிலேயே, "புளி ஜாஸ்தியா தெரியுதே, ஸ்டெல்லா" என்பாள்.

"வாயை மூடிட்டுப் போடி" என்பேன்.

அவளுக்கு மீட்டிங் இருக்கும், போய்விடுவாள். அவள் அப்பாவோ நான் என்ன சொன்னாலும் போகமாட்டார்.