மோகனராஜர் ஒலிவாங்கி கொண்ட படலம்

வாழ்க மோகனராஜர். மாத்தளை நகரின் பெருந்தெருவிலே, வர்ணப்பூச்சு வாளிகள் குன்றென உயர்ந்து நிற்கும் ஹார்ட்வெயார் கடையிலே, வெள்ளை கேட்டு வந்தவரை யானைத்தந்த நிறத்துக்கு இணங்கவைக்கும் நாவன்மை படைத்தவரும், அலுவிகாரை தந்த ஆற்றலாளரும், மூன்றாண்டு தவமிருந்து ‘மூன்றாவது பூச்சு’ என்னும் சிறுகதை ஒன்றை, ஒரே ஒன்றை, ஈன்றெடுத்தவரும், அந்தக் கதையை இல்லக்கிழத்தி நிரோஷாவின் செவிக்கன்றி வேறெந்தச் செவிக்கும் இதுகாறும் ஊட்டியறியாதவருமாகிய எழுத்தேந்தல் மோகனராஜர் வாழ்க. அவரது சட்டைப்பையில் நான்காய் மடிந்து துயிலும் ஏழு தாள்களும் வாழ்க. சட்டை புதுசு.

கலைமகளைக் காப்புக்கு அழைப்பது மரபு. அழைக்கப் போவதில்லை. மாதந்தோறும் விளக்கேற்றி அவளை அழைத்துவிட்டு, பிறகு ஐந்து மணிவரை நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்று உட்காரவைக்கிறார்கள், அவளுக்கே அலுத்துப்போயிருக்கும். ஆதலால், மேல்மாடிச் சுவரில் மாட்டப்பட்டு, முட்கள் இரண்டும் தேய, ஒருவருக்கும் அஞ்சாது நடைபோடும் வட்டமுகக் கடிகாரமே, நீயே வந்து என் நாவில் அமர்ந்தருள்க. அன்றைய அவையில் ஒரு பொய்யும் சொல்லாதது நீ மட்டும்தான்.

அவையின் பெருமை கேளீர். தேனருவி எழுத்தாளர் ஒன்றியம் என்பது அதன் திருநாமம். மாதத்தின் கடைசி ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு, டியூஷன் நிலையமொன்றின் மேல்மாடியில் அது கூடும். இரண்டு மணி என்றால் இரண்டே முக்கால். உட்கார வாங்குகள் பன்னிரண்டு, மின்விசிறி ஒன்று, தொண்டை கரகரத்தாலும் குரல் கொடுக்கும் ஒலிவாங்கி ஒன்று. சரியாக ஐந்து மணிக்கு அதே அறையில் சாதாரண தர விஞ்ஞான வகுப்பு ஆரம்பமாகும். அந்த விஞ்ஞான ஆசிரியர் இருக்கிறாரே, எந்தக் காப்பியத்துக்கும் அரை நிமிடம் விட்டுக்கொடுத்த வரலாறு அவருக்குக் கிடையாது.

அவரவர் எழுதியதை வாசிக்கும் ஆக்க வாசிப்பு என்பது நிகழ்ச்சி நிரலின் கடைசி அங்கம். அதிலும் இவ்வொன்றியத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்திலிருந்து வந்தவர்களே முதலில் வாசிக்க வேண்டும், அவர்களுக்கு பஸ் போய்விடும் என்பதற்காக. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது. மோகனராஜரின் ஊரான அலுவிகாரை மாத்தளையிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால், இதுவரை வந்த முப்பத்தொரு கூட்டங்களிலும் பட்டியலின் அடியில் கிடந்தார் நம் நாயகர். முப்பத்தொரு முறையும் அவர் பெயரை எட்டுமுன் மணி ஐந்தானது. கடைக்கு அருகிலேயே வீடெடுத்துத் தொலைந்தோமே என்று அவர் நொந்துகொண்ட நாட்கள் உண்டு.

இம்முறை நொந்துகொண்டிருக்க நேரமில்லை. ஏனெனில் ஒன்றியச் செயலாளர் டிலானி, முந்திய வெள்ளிக்கிழமை கடைக்கு டிஸ்டெம்பர் வாங்க வந்தபோது, மோகனராஜரின் நெஞ்சில் நெருப்பை அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

“அண்ணே, இந்தவாட்டி கொழும்புலருந்து எடிட்டர் ஜஸ்லா வர்றாங்க. நாடு பூராவும் ஒரு கதைத் தொகுப்பு போடுறாங்களாம். நம்ம மாவட்டத்துக்கு ஒரு கதை.”

ஒரு கதை. மோகனராஜரிடம் இருந்ததும் ஒரு கதை. இந்தப் பொருத்தம் தெய்வச்செயல் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. எடிட்டரின் செவியில் விழுந்தால் கதை புத்தகத்தில் ஏறும். விழாவிட்டால் எப்படி ஏறும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை அவர் யாரிடமும் காட்டிச் சரிபார்க்கவில்லை.

சனிக்கிழமை முழுதும் போர்ப்பயிற்சி. சமையலறை வாசலில் நின்று அவர் வாசிக்க, தேங்காய் துருவிக்கொண்டே போனில் நேரம் பார்த்தார் நிரோஷா.

“பதினோரு நிமிசங்க. நடுவுல தண்ணி குடிச்சா பன்னெண்டு. இந்த தடவையும் படிக்காம வந்து நின்னீங்கன்னா எனக்கே கோவம் வந்துரும்.”

வீரத்திலகம் இடுவது போன்ற இச்சொற்களைத் தாங்கி, ஞாயிறு நண்பகல் பஸ்ஸேறி, ஒன்றரைக்கே மாடியேறி, எடிட்டர் அமரப்போகும் நாற்காலிக்கு அடுத்த வாங்கில் இடம்பிடித்துச் சப்பணமிடாத குறையாய் உட்கார்ந்தார் மோகனராஜர். கூட்டிப் பெருக்க வந்த பெண் அவரை எழும்பச் சொன்னார். எழும்பிவிட்டு மீண்டும் உட்கார்ந்தார்.

போர் மூண்டது. முதற்கண் களம் புகுந்தவர் ஒன்றியத் தலைவர் யஹ்யா. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், சமாதான நீதவான், கடலளவு கல்வியும் அதைவிடக் கொஞ்சம் நீளமான பேச்சும் உடையவர். இரண்டே வார்த்தை சொல்லி அமர்வதாக ஆரம்பித்து, நம் கூட்டங்களில் பேச்சு நீண்டுவிடுவதால் இளம் எழுத்தாளர்களுக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை என்ற தம் நெடுநாள் மனக்குறையை, உதாரணங்களுடனும் உபகதைகளுடனும் ஐம்பது நிமிடம் விளக்கினார். முன்வரிசையில் அமர்ந்திருந்த எடிட்டர் ஜஸ்லா குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். மோகனராஜர் எட்டிப் பார்த்தார்; பூப்போட்டிருந்தார்.

அதன்பின் ரோல்ஸும் பிளேன்டீயும் பரிமாறப்பட்டன. பட்டியலில் பெயர் கொடுத்திருந்த மூவர், ரோல்ஸ் தீர்ந்ததும் படியிறங்கிப் போயினர். புறமுதுகு காட்டியவர்களை நாம் பழிக்கலாகாது. அவர்களால் நம் நாயகருக்கு நன்மையே விளைந்தது. மணி மூன்று ஐம்பத்தைந்து.

முதலில் எழுந்தவர் பொருளாளர் ஸரீனா டீச்சர். தொலைவிலுள்ள வில்கமுவையிலிருந்து வருகிறவர்; வழக்கத்துக்கு உண்மையான உரிமையாளர். ஒரு பக்கக் கவிதையை மூன்று நிமிடத்தில் வாசித்து, கைப்பையை எடுத்து, “பஸ்ஸு போயிரும், மன்னிச்சிக்கோங்க” என்று சொல்லிப் படியிறங்கினார். இப்படியும் ஒரு எழுத்தாளர் உண்டா என்று சபை வியந்தது.

அடுத்து நம் நாயகர்தான் என்று ஏழு தாள்களும் துயில் கலைந்து பையில் சலசலத்த வேளையில், எதிரி எழுந்தான். எழுந்தார் என்று சொல்வதே மரியாதை. ஆயினும் எரிச்சலில் வந்துவிட்டது. அவர் இந்திரகுமார். இன்சூரன்ஸ் முகவர். கவிஞர். இந்த மாடிக்கு எதிர்ச் சந்தில் வீடு. வீட்டு வாசலில் நின்றால் இங்கே மின்விசிறி சுற்றுவது தெரியும்.

“நான் இன்னைக்கி வில்கமுவைக்குப் போகணும்” என்று முழங்கினார் இந்திரகுமார். “மாமியார் வீட்டுல விசேஷம்.”

“அப்ப டீச்சரோட அதே பஸ்ஸுல போயிருக்கலாமே சேர்” என்றார் டிலானி.

“பைக்ல போறேன் தங்கச்சி. பொழுது போனா ரோட்டுல ஆனை நிக்கும்.”

யானையைக் காட்டிய பின் எந்தச் சட்டம் நிற்கும்? அவை அடங்கியது. யானையால் மிதியுண்ட வயல்போல் ஆனது மோகனராஜர் உள்ளம். இந்திரகுமாரோ, ‘மலைமேகமே’ என்னும் அறுபத்து நான்கு செய்யுள் கொண்ட நெடும்பாட்டை, ஒவ்வொரு செய்யுளையும் இரண்டு தரம் வாசித்து, ஒவ்வொரு தரமும் கண்மூடித் திறந்து, ஆற அமரப் பொழியலானார். மேகம் பிறந்தது, மேகம் தவழ்ந்தது, முப்பதாம் செய்யுளில் மேகத்துக்குக் காதல் வந்தது. மணி நாலரை. யானைக்கு அஞ்சியவர் போலவே தெரியவில்லை.

மோகனராஜர் கடிகாரத்தைப் பார்ப்பார், தாள்களைத் தொடுவார், எடிட்டரைப் பார்ப்பார். அந்த அம்மையார் கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்தபோது, ஐயோ, என் கதை வருமுன் இவர் காது களைத்துவிடுமே என்று பதறினார். எழுந்து சண்டை பிடிக்கலாம். ஆனால் போன மாதம்தான் இந்திரகுமார் கடையில் ஆறு வாளி எமல்ஷன் எடுத்திருந்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்த அஸ்திரம் அவர் கைகளில் உதித்தது. நாலு நாற்பத்தாறு. முப்பத்தெட்டாம் செய்யுள் முடிந்து, தாள் புரட்டுவதற்காக இந்திரகுமார் விரலை நாவில் நனைத்த அந்த இமைப்பொழுதில், வாங்கிலிருந்து கொதித்தெழுந்த மோகனராஜர், இரு கரங்களையும் அகல விரித்து, தம் முப்பத்தொரு மாதக் கோபத்தையும் உள்ளங்கையில் திரட்டி, படாரென்று தட்டினார். ஒரு கைதட்டு. இரண்டு. மூன்று. விடுதலைக்காக ஏங்கிக் கிடந்த சபை, யார் தொடங்கியது என்றும் கேளாமல் பின்தொடர்ந்தது, வாங்குகள் அதிர்ந்தன, கடைசி வரிசையில் ஒருவர் விசிலும் அடித்தார். தூக்கம் கலைந்த யஹ்யா, “அருமை, அருமை, மிக்க நன்றி இந்திரகுமார்” என்று வாழ்த்தி முடித்தேவிட்டார். இந்திரகுமார் நனைந்த விரலுடன் திகைத்தார். இன்னும் இருபத்தாறு செய்யுள் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் இத்தனை கைதட்டை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. கண்கலங்கி, கைகூப்பி, இறங்கினார். பிறகு வில்கமுவைக்கும் போகாமல் முன்வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மோகனராஜர் ஒலிவாங்கியைப் பற்றினார். எட்டுத் திக்கும் நோக்கினார். மிச்சமிருப்பது பதினான்கு நிமிடம். கதைக்குத் தேவை பதினொன்று. தண்ணீரும் குடிக்கலாம். நிரோஷா பார்த்திருந்தால் பூரித்திருப்பார்.

ஆனால், வாசகரே, நம் கூட்டங்களில் எடுத்த எடுப்பிலேயே எவரும் விடயத்துக்குப் போய்விடுவதில்லை. அவையை விளிக்க வேண்டும். ஒருவரையும் விடாமல், பதவி குறையாமல், வரிசை பிறழாமல் விளிக்க வேண்டும். விளிக்காதவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள். ஒருவரை விட்டுவிட்டால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வராது. சனிக்கிழமை முழுதும் கதையை அளந்த மோகனராஜர், இதை மட்டும் அளக்க மறந்திருந்தார். நேராகக் கதைக்குப் போய்விடு என்று உள்ளம் கெஞ்சியது. நாக்கு கேட்கவில்லை.

“இந்தப் பொன்னான மாலைப்பொழுதிலே இந்த அவையை அலங்கரித்துக்கொண்டிருக்கும், மாண்பும் மதிப்பும் மிக்க ஒன்றியத் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர், சமாதான நீதவான், அல்ஹாஜ் யஹ்யா அவர்களே, தலைநகரிலிருந்து தூரம் பாராது வருகை தந்திருக்கும் பிரதம அதிதி, பதிப்பாசிரியர் ஜஸ்லா அவர்களே, ஒன்றியத்தின் உயிர்நாடியாக விளங்கும் செயலாளர் டிலானி அவர்களே, எனக்கு முன்னர் இங்கே கவிமழை பொழிந்து சென்ற...”

எதிரியையும் விளித்தார். உப தலைவர்களையும், போஷகர்களையும், ரோல்ஸ் அனுசரணையாளரையும், இடம் தந்த டியூஷன் நிலைய உரிமையாளரையும், வர முடியாமற்போனாலும் மனதால் கலந்துகொண்டிருப்பவர்களையும் விளித்து, “உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்” என்று மூச்சு விட்டபோது, மணி நாலு ஐம்பத்திரண்டு. வேகமாக வாசித்தால் முக்கால் கதை தேறும். முதல் தாளை விரித்தார்.

அவ்வமயம் தலைவரின் மேசையிலிருந்து புறப்பட்ட துண்டுக் காகிதமொன்று, கைமாறிக் கைமாறி, அவர் விரல்களில் வந்து தங்கியது. நேரம் போதாது என்ற துண்டாயிருக்கும் என்று அஞ்சிப் பிரித்தார். யஹ்யாவின் முத்தான கையெழுத்து: பொருளாளர் ஸரீனா விடுபட்டுவிட்டார்.

ஸரீனா டீச்சர் அந்நேரம் பஸ்ஸில் ஏறி எத்தனையோ மைல்கட்டைகள் கடந்திருப்பார். ஆள் போனாலென்ன, பதவி அவையில் இருக்கிறதே. செயலாளருக்கு அடுத்து வரவேண்டிய பொருளாளரை, அனுசரணையாளருக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டால் அது விடுவதைவிடப் பெரிய அவமானம். மோகனராஜர் விழிகள் கடிகாரத்துக்கும் தலைவருக்குமாய் அலைந்தன. யஹ்யா பரிவோடு தலையசைத்தார். நம் நாயகர் முதல் தாளை மெல்ல மடித்தார்.

“இந்தப் பொன்னான மாலைப்பொழுதிலே...”

இரண்டாம் வணக்கம் முடிந்தபோது நாலு ஐம்பத்தொன்பது. மூன்றாண்டும் முப்பத்தொரு கூட்டமும் காத்திருந்த அந்த முதல் வாக்கியம் முழங்கியது: “அந்தச் சுவருக்கு என்ன நிறம் பூசினாலும் பழைய நீலம் மேலே வந்துகொண்டேயிருந்தது.” எடிட்டர் ஜஸ்லா சட்டென்று தலை நிமிர்ந்தார். அதை மோகனராஜர் கண்டார், நாமும் கண்டோம். கதவு திறந்தது. விஞ்ஞான ஆசிரியர் வந்து கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

சுண்ணத்தூள் மேகம் கவிய, ஒலிவாங்கியின் மின்சாரம் பிடுங்கப்பட, வாங்குகளில் மாணவர் சேனை வந்திறங்க, தோல்வியுற்ற பின்னும் வாளைக் கைவிடாத வீரராய் ஏழு தாள்களையும் ஏந்தியபடி படிகளில் பாய்ந்திறங்கி, தெருவோரம் வேனுக்குக் காத்து நின்ற பதிப்பாசிரியரை மறித்து, “மேடம், கதை இதுதான், இதையாவது கையோட கொண்டு போங்க” என்று இரு கரம் நீட்டி நின்றார் மோகனராஜர்.

ஜஸ்லா தாள்களை வாங்கினார். அங்கேயே நின்று முதல் பக்கத்தை வாசித்தார். முகம் மலர்ந்தது, பின்பு வாடியது.

“நல்லாருக்கே சேர். ஏன் அனுப்பல்ல? வாசிக்கிறதக் கேட்டு நாங்க கத எடுக்கல்ல. ஒங்கட வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மாசமா போட்டிருந்தோம், கதய அனுப்பச் சொல்லி. போன ஞாயிறோட முடிஞ்சிட்டு. ஸரீனா டீச்சர்ட கதைய எடுத்திருக்கம். இன்னைக்கி நான் சும்மா ஒரு மரியாதைக்கித்தான் வந்தன்.”

தாள்கள் மோகனராஜர் கைக்குத் திரும்பி வந்தன. வேன் கண்டி வீதியில் மறைந்தது. எழுத்தேந்தல் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார்.

போனை எடுத்துப் பார்த்தார். தேனருவி குரூப்பில் ஆயிரத்து நானூறு மெசேஜ் படிக்காமல் கிடந்தது.