துப்பாக்கியில்லாத மருந்து நிபுணர்

மைசூர் உயிரியல் பூங்காவில் கூண்டு போட்டு வைக்காத ஓர் உயிரினம் இந்த ஊரில் தாராளமாக நடமாடுகிறது. அதன் பெயர் துப்பாக்கியில்லாத மருந்து நிபுணர். மருந்து என்றால் துப்பாக்கிக்குள் போட்டு வெடிக்கிற மருந்து, இருமலுக்குக் குடிப்பதல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், கன்னடத்திலும் அப்படியே. அதனால்தான் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெளிவாகச் சொல்வதில் இந்த இனத்தை மிஞ்ச ஆளில்லை.

இவரை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். ஏதாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "அதை அப்படிச் சட்டுன்னு சொல்லிட முடியாதுங்க" என்பார். சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், கைபேசியை எடுப்பார். அந்தக் கைபேசிக்குள் பனி கொட்டும் தேசத்துத் தாத்தாக்கள் பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள். தங்கள் கார் ஷெட்டில் ஈயத்தை உருக்கித் தாங்களே குண்டு வார்த்து, தோட்டாவைத் தாங்களே அடைத்து, எந்த மருந்து போட்டால் தோளில் உதை குறையும் என்று நாற்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தாத்தாக்களின் சண்டை முழுவதையும் நம்மவர் காலை இட்லிக்கு முன்பே படித்து முடித்திருப்பார். எந்த மருந்து வேகமாக எரியும், எது மெதுவாக எரியும், எது கொஞ்சம் போட்டாலே தோட்டாக் கூட்டை நிறைத்துவிடும், எது கரி பிடிக்கும், ஈயம் மிருதுவாக இருந்தால் துப்பாக்கிக் குழாய்க்குள் எப்படி ஒட்டும் என்று எல்லாம் மனப்பாடம்.

துப்பாக்கியைத் தொட்டிருக்கிறாரா? ஓ, தொட்டிருக்கிறார். தசரா பொருட்காட்சியில் பலூன் சுட்டிருக்கிறார். பத்துக் குண்டுக்கு ஒரு பலூன். அதுவும் குறி வைத்ததற்குப் பக்கத்துப் பலூன்.

இவ்வளவு துல்லியமாக உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியாமல் என்ன, தினமும் காலையில் முகம் சவரம் செய்துவிடுகிறேனே அவருக்கு. பெயர் முரளிதரன். பிறந்தது கொள்ளேகால் பக்கம் கௌதள்ளியில். பிழைப்பு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோரில், போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுப்பது.

ஆடி மாதத் தொடக்கத்தில் கௌதள்ளியிலிருந்து வேலாயுதம் மாமா போன் செய்தார். என் அக்கா சித்தம்மாவின் வீட்டுக்காரர். மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்தார், காட்டோரத்து நிலம். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பன்றி இறங்கும். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிற துப்பாக்கி அவரிடம் ஒன்று உண்டு. பன்றி மேல் படாமல் மேட்டு மண்ணைப் பார்த்து ஒன்று போட்டால், அந்தச் சத்தத்துக்கே கூட்டம் ஒரு வாரம் எட்டிப் பார்க்காது. அந்தச் சோளத்து வருமானத்தில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"துப்பாக்கி ஒதைக்குது மாப்ள. தோளு தாங்கல. மைசூர்ல நல்ல மருந்தா இருந்தாப் பாத்துச் சொல்லு" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதர் என்னிடம் மருந்தைப் பற்றிக் கேட்கிறார். அதுவும் உதை குறைந்த மருந்து. எனக்குப் புல்லரித்துவிட்டது. "அதை அப்படிச் சட்டுன்னு சொல்லிட முடியாதுங்க மாமா, பாத்துச் சொல்றேன்" என்றேன். "ஆகட்டும், நீ சொல்ற வரைக்கும் வேற எதும் வாங்கல" என்றார் மாமா. அந்த நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் என்னைக் கெடுத்தது.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். கோடு கிழித்தேன். நாற்பத்தொரு மருந்துகளின் பெயரை எழுதி, உதை, புகை, கரி, ஈயக் குண்டோடு ஒத்துப்போகும் குணம் என்று கட்டம் கட்டமாக மதிப்பெண் போட்டேன். என் பெண் பத்தாம் வகுப்புக்குப் படித்ததைவிட நான் இதற்குப் படித்தது அதிகம் என்று என் மனைவி உமாதேவி சொன்னாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு நாள், "ஏங்க, அண்ணனுக்குத் தோளு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். அதற்காகத்தானே இந்தப் பாடு படுகிறேன் என்று நோட்டைக் காட்டினேன். அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

தசராவுக்கு முன் யானைக்கும் குதிரைக்கும் சத்தம் பழக்குவதற்காகப் பீரங்கி வெடிப்பார்கள் அல்லவா, அதற்கும் போனேன். கூட வேலை செய்கிற உமேஷை இழுத்துக்கொண்டு போய், இப்போது போடுகிற மருந்து எப்படி எரியும், புகை ஏன் இந்த நிறத்தில் வரும் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். வெடித்தது. யானை அசையவில்லை. நான் உமேஷின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அது கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. ஸ்டோருக்கு வருகிறவன் ஒவ்வொருவனும் போல்ட் பெட்டியை டொம்மென்று வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

இடையிடையே மாமாவிடம் களத் தகவல் சேகரித்தேன். ஆராய்ச்சி என்றால் சும்மாவா?

"மாமா, வேகமா எரியற மருந்து வேணுமா, மெதுவா எரியற மருந்து வேணுமா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "எரியாத மருந்தாவே பாரேன் மாப்ள. இங்க வாங்குனது ரொம்ப எரியுது."

எரியாத மருந்து! மலைத்துப் போனேன். நாற்பது வருஷமாகச் சண்டை போடும் தாத்தாக்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றியதில்லையே. கௌதள்ளியில் ஒரு விவசாயிக்குத் தோன்றியிருக்கிறது. அன்றே அதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தத் தாத்தாக்களின் குழுவில் எழுதிப் போட்டேன். இரண்டு நாள் யாருமே பதில் சொல்லவில்லை. என் கேள்வி அவர்களை வாயடைக்க வைத்துவிட்டது என்று உமேஷிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த முறை, ஒரு தடவைக்கு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். எவ்வளவு என்று கணக்கில்லை, காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், போடுவதை உங்கக்காவே பார்த்துக்கொள்கிறாள் என்றார். என் அக்கா துப்பாக்கிக்கு மருந்து போடுகிறாள்! பாம்பு என்று யாராவது சொன்னாலே கட்டில் மேல் ஏறிவிடுகிற சித்தம்மாவா? பெண்கள் எவ்வளவு முன்னேறிவிட்டார்கள் என்று உமாதேவிக்கு அரைமணி நேரம் சொற்பொழிவு ஆற்றினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கையில பூசி..." என்று ஏதோ ஆரம்பித்தாள். குறுக்கே பேசாதே என்றேன்.

பார்த்தீர்களா, இந்த இனத்தின் தலையாய லட்சணம் இதுதான். கேட்பார், கேட்பார், கேட்டுக்கொண்டே இருப்பார். காதில் மட்டும் விழாது.

ஐப்பசி பிறந்தது. நாற்பத்தொன்றைப் பன்னிரண்டாக்கி, பன்னிரண்டை மூன்றாக்கி, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தேவராஜ மார்க்கெட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரியவர். என் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார். நான் வெட்கத்தோடு புன்னகைத்துக்கொண்டு நின்றேன்.

"யாவ கோவி சார்?" என்றார். எந்தத் துப்பாக்கி என்று கேட்கிறார்.

இடி விழுந்த மாதிரி இருந்தது. மூன்று மாதம். எழுபது பக்கம். எந்தத் துப்பாக்கி என்று நான் மாமாவைக் கேட்கவே இல்லை.

கடைக்காரர் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் வலித்தது. தன்னிடம் இருப்பது ஒரே மருந்துதான், பழைய கறுப்பு மருந்து, அதையும் லைசென்ஸ்காரர் புத்தகத்தோடு நேரில் வந்தால்தான் கொடுப்பேன் என்றார். பயிர்க் காவல் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் குழாய் வாயில் மருந்தைக் கொட்டிக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கிதான். நீங்கள் எழுதி வைத்திருக்கும் மருந்தில் எதை அதில் போட்டாலும் குழாயே வெடித்துப் பிடித்திருப்பவர் கை போய்விடும் என்றும் சொன்னார். முதல் பரிசு கொடுத்திருந்த மூன்று பெயர்களின் மேல் விரலை வைத்துத்தான் சொன்னார். அங்கேயே நின்றுகொண்டு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, உங்களுது என்ன துப்பாக்கிங்க?"

"எதுக்கு மாப்ள?"

"மருந்து வாங்கறதுக்குத்தாங்க."

மாமா மெதுவாகக் கேட்டார்.

"தோளுக்குப் பூசற மருந்துக்கும் துப்பாக்கிக்கும் என்ன மாப்ள சம்பந்தம்?"

நோட்டில் எழுதிக்கொள்ள வசதியாகப் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கடைக்காரருக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நல்ல மனிதர், உள்ளே போய்த்தான் சிரித்தார்.

அதற்குப் பிறகு மாமா சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஆடியில் ஒருநாள் துப்பாக்கி எக்கச்சக்கமாக உதைத்துவிட்டது. ஊர்க் கடையில் வாங்கிய தைலம் தோலை எரித்தது. மைசூரில் இருக்கிற படித்த மைத்துனன் நல்லதாகப் பார்த்துச் சொல்வான் என்று என்னிடம் கேட்டார். நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எனவே காத்திருந்தார். புரட்டாசியில் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல் போனது. தூக்க முடியாதவர் துப்பாக்கியை எங்கே எடுப்பது? பன்றி இறங்கியது. மூன்று ஏக்கரில் மேற்கு மூலையில் அரை ஏக்கர்தான் நின்றது. "போச்சு போ மாப்ள, நீயும் என்னத்தப் பண்ணுவ, வேலை இருந்திருக்கும்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தால் எதிரிலேயே மருந்துக்கடை. இருமலுக்குக் குடிக்கிற அந்த மருந்துக்கடை. தோளில் பூசுவதற்கு, எரியாததாக, என்றேன். கடைப்பெண் இரண்டு ட்யூபை எடுத்து மேசை மேல் வைத்தாள். வாழ்நாள் பழக்கம் விடுமா? ஒன்றைத் திருப்பிப் படித்தேன், இன்னொன்றைத் திருப்பிப் படித்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கை தானாக நோட்டைத் திறந்துவிட்டது. புதுப் பக்கத்தில் கோடுகூடக் கிழித்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். உமாதேவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி, எதை வாங்க என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "கைக்கு வந்தத எடுத்துட்டு பஸ் ஏறுங்க" என்றாள்.

கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு கொள்ளேகால் வழியாகப் போகும் பஸ் ஏறினேன். ஹனூர் தாண்டி கௌதள்ளியில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்த நிலம். சோளத் தட்டு எல்லாம் மிதிபட்டு மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. பாதி கடித்துப் போட்ட கதிர்கள் எறும்பு மொய்த்துக் கிடந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. நோட்டைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம், பையில் கனத்தது.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, ட்யூபை அழுத்தி விரலில் எடுத்தாள். மூன்று மாதமாக அவள் மருந்து போட்டது இப்படித்தான். தோளில் வைக்கப் போகும்போது மாமா அவள் கையைப் பிடித்து நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது எரியுமா மாப்ள?"

அதை அப்படிச் சட்டுன்னு என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியலீங்க மாமா."

மாமா அக்காவைப் பார்த்தார். "கேட்டியா? ஆடியிலிருந்து இன்னிக்குத்தான் இவன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தோளைக் காட்டினார்.

ட்யூப் எரியவில்லை. எரிந்தது நான்.

இதோடு என் கதை முடிந்தது, நீங்கள் நிம்மதியாகப் போகலாம். ஆனால் ஒரு விஷயம். மாமாவுக்குத் தோள்வலி என்று படித்ததுமே, 'அதற்கு ட்யூபெல்லாம் சரிப்படாது, எனக்குத் தெரிந்த மருந்து ஒன்று இருக்கிறது' என்று உங்கள் மனதில் ஒரு பெயர் ஓடியிருக்குமே? ஓடியது அல்லவா? கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன், வாருங்கள். நோட்டில் இன்னும் நூற்று முப்பது பக்கம் காலியாக இருக்கிறது.