என்கோடருக்கு நான் வைத்த பொட்டு

கர்வம் பிடித்தவளுக்கு அசிங்கம் தனியாக வராது. பார்க்க நாலு பேரையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஆயுத பூஜையன்று என் செக்‌ஷனில் பொட்டில்லாத மெஷின் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்! செல்போன் முதலாளி கையில் மட்டும் இருந்த காலம். கரண்டு கம்பத்துப் பீங்கானுக்குப் பளபளப்புப் பூச்சு அடிக்க, சுற்றுகிற மேஜை ஒன்று புதிதாக வந்தது; கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் தம்பி வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தது. பூச்சுக் குழாய்க்கு நேராக அது நிற்க வேண்டும். எங்கே நிற்கிறது என்பதை மோட்டாரின் பின்னால் இருந்த சின்ன டப்பா, கன்ட்ரோல் பெட்டிக்கு ஒயர் வழியாகச் சொல்லும். அதன் பெயர் என்கோடர்.

பூஜையன்று மெயினை நிறுத்திவிட்டுத் துடைத்தோம். என்கோடர் ஒயரின் பிளக்கைத் திருகிக் கழற்றினேன். உள்ளே குட்டிக் குட்டிப் பின்கள், பால்பல் மாதிரி. இதுகளை மட்டும் விடுவதா? ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பக்தியோடு மூடினேன்.

மறுநாள் முதலாளியின் அம்மா சுவிட்சை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மேஜை அசையவில்லை. வாசலில் லாரி லோடுக்குக் காத்திருந்தது. முதலாளி போனை எடுத்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"அந்தக் கோயம்புத்தூர் தம்பி சரியா மாட்டலீங்க. மாட்டும்போதே கை நடுங்குச்சு, நான் பாத்தேன்." (நடுங்கவே இல்லை. எனக்குத்தான் வாய் நீளம்.)

முதலாளி அதை அப்படியே தம்பியின் ஆபீசுக்குச் சொன்னார்.

அடுத்த நாள் காலை ரயிலில் அந்த இன்ஜினியர் தம்பி வந்து இறங்கியது. வேலைக்குப் புதுசு. "மெஷின் ஓடலன்னா ஒன்ன வேலையவுட்டே எடுத்துடுவாங்களாம்" என்றார் முதலாளி. தம்பியின் முகம் சுடாத களிமண்ணாகிவிட்டது.

நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். "என்னா தம்பி, மோட்டாருக்கு ஒடம்பு சரியில்லையா?"

தம்பி பிளக்கைக் கழற்றியது. உற்றுப் பார்த்தது. மோந்து பார்த்தது.

"ஏனுங்க, இதுக்குள்ள யாருங்க சந்தனம் வெச்சது?"

"எங்க மேஸ்திரிக்காதான்!" என்றாள் என் செக்‌ஷனில் வேலை செய்யும் பாவி ஜோதி, பெருமையாக. "ஒண்ணு வுடாம வெச்சாங்க!"

தம்பி என்னிடம் பொறுமையாகச் சொன்னது: "பெட்டி கேக்குமுங்க, என்கோடர் ஒண்ணொண்ணா வரிசையாப் பதில் அனுப்புமுங்க. நீங்க வரிசையா நின்னு பீங்கான் கைமாத்தற மாதிரி. ஈரச் சந்தனம் ரெண்டு பேரு கையைச் சேத்து ஒட்டிப்போட்டா சரக்கு எப்படிங்க போய்ச் சேரும்?"

பிரஷ்ஷால் கழுவிக் காயவைத்து மாட்டியது. மேஜை சுற்றியது. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

"என் கை நடுங்குச்சுன்னு சொன்னது நீங்களுங்களா?"

"ஆமாங்க" என்றேன். தம்பி என்று கூப்பிட வாய் வரவில்லை.

இன்றும் ஆயுத பூஜை வந்தால் என் மருமகள் செல்போன் சார்ஜரை ஒளித்து வைப்பாள். டிவி நின்றாலும், "அத்தை, எங்க பொட்டு வெச்சீங்க?" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அன்று கிளம்பும்போது நான் நீட்டிய டீ கிளாசை வாங்கிய அந்தத் தம்பியின் கை நிஜமாகவே நடுங்கியது. அதை மட்டும் வீட்டில் சொன்னதில்லை.