நாலுநாள் நைனாவின் சர்க்கரைவள்ளி

காய் கேட்டு வந்தவர்களையெல்லாம் வெறும் பையோடு திருப்பி அனுப்பிய காய்க்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருத்தணியில், எங்கள் தெருவில் இருந்தார்.

யுத்த காலம். நான் அங்கே ஆரம்பப் பள்ளி வாத்தியார். தெருவே அவரை அப்பா முறை வைத்து ‘நைனா’ என்று கூப்பிட்டது. முதுகுக்குப் பின்னால் ‘நாலுநாள் நைனா’. எந்தக் காயைக் கேட்டாலும் “இன்னும் நாலு நாள் போவட்டும்” என்பார். கே.ஜி.கண்டிகை போகிற வழியில் அவருக்கு நிலம். ஐப்பசி, கார்த்திகையில் அவரை, பூசணி, சீத்தாப்பழம், சர்க்கரைவள்ளி எல்லாம் அங்கே போட்டி போட்டுக்கொண்டு விளையும். பறிக்கத்தான் விடமாட்டார்.

பூசணித் தோலை நகத்தால் கீறிப் பார்ப்பார். கீறல் விழுந்தால் அது கொடியிலேயே கிடக்க வேண்டியதுதான். சீத்தாப்பழத்தின் கண்களுக்கு நடுவே வெளுத்திருக்கிறதா என்று மூக்கு இடிக்கும்வரை குனிவார். ஒருமுறை எங்கள் தலைமையாசிரியர் தாமே ஒரு பழத்தைப் பறித்துவிட்டார். நைனா அதைப் பிடுங்கி, காம்பை மறுபடி கிளையில் ஒட்டவைக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் முயன்றார்.

இந்த மனிதருக்கு எப்படித்தான் தெரிகிறது என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. ஒரு கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை கூடவே போனேன். ஒரு சர்க்கரைவள்ளியைத் தோண்டி, இரண்டாக வெட்டி, பாதியை என் கையில் கொடுத்தார்.

“பால் வடியுதுங்களா? அது காயட்டும். அப்படியே வெள்ளையா காஞ்சா முத்தினது. கறுத்தா இளசு.”

ஆளுக்கொரு பாதியை ஏந்திக்கொண்டு, பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் மாதிரி நின்றோம். பால் கறுத்தது.

“பாத்தீங்களா வாத்தியாரே? நாலு நாள்.”

பக்கத்தில் நின்ற அவருடைய மைத்துனன் வானத்தைக் காட்டினான். “பாவா, கெழக்க இருட்டிகினு வருது. தண்ணி நின்னா அத்தினியும் அழுவிப் போயிடும். இன்னிக்கே தோண்டிடலாம்.”

“தூங்குற பச்சப் புள்ளைய யாராவது எழுப்புவாங்களாடா?”

அன்று மாலையே மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. ரேஷன் அரிசி பாதி வயிற்றுக்குத்தான் வரும். மீதிப் பாதிக்குத் தெருவே அந்தக் கிழங்கை நம்பியிருந்தது. மூன்றாம் நாள் காலை நைனா சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒவ்வொரு வாசலாக வந்து நின்றார்.

“தப்புப் பண்ணிட்டேன். மம்பட்டி இருக்கிறவங்க எடுத்துகினு வாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். தெருவே கிளம்பிவிட்டது. நைனாவின் மனைவி தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினார். தலைமையாசிரியர் முழங்கால் சேற்றில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையன்களின் காதைத் தேடுகிற அதே லாகவத்தோடு கிழங்குகளைத் துழாவி எடுத்தார். நைனா மட்டும் எடுத்த ஒவ்வொன்றையும் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கால்வாசி அழுகிவிட்டது. மீதியை அங்கேயே வீட்டுக்கு வீடு பங்கு போட்டார்.

“எல்லாத்தையும் குடுத்துட்டா எப்படி நைனா?” என்றேன்.

“இளச விக்கிறவனா நானு?” என்று சீறினார்.

மறுநாள் காலை என் வாசலில் வந்து நின்றார். அப்போதுதான் அவித்த கிழங்கை நான் கடித்திருந்தேன். தண்ணீரில் நார் போட்ட மாதிரி சப்பென்று இருந்தது. அவர் என் வாயையே பார்த்தார்.

“இனிக்குதுங்களா?”

“கல்கண்டு நைனா!”

“ஆங். எதிர் வூட்லயும் அதான் சொன்னாங்க. பக்கத்து வூட்லயும் அதான்.” முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, துண்டால் துடைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நாங்கள் யாரும் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசிக்கொள்ளவே இல்லை.