ஆஸ்டினை மூன்று அங்குலம் தூக்குதல்

அந்தத் திங்கட்கிழமை அகஸ்டின் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். தன் ஆஸ்டின் பிக்கப் வண்டியை மூன்று அங்குலம் தூக்கியே தீருவது.

காரணம் கேட்டவர்களிடமெல்லாம் மழையைச் சொன்னார். அவர் குடியிருந்த ஆற்றங்கரைப் பேட்டையான க்யிம்யிண்டைங்கில் மழையும் ஆற்று ஏற்றமும் சேர்ந்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். வண்டியின் புகைக்குழாய் அதில் முங்கிக் குடுகுடுவென்று கொப்பளிக்கும். இதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மீதி உண்மை வண்டியின் பின்னால், சாக்குகளுக்கு அடியில் படுத்திருந்தது. ஒரு பழைய மோட்டார் படகு எஞ்சின். போன மாதம் படகுக்காரர் கோ மியாவிடம் ஆசைப்பட்டு வாங்கியது. ஓடாது. என்றைக்காவது ஓட வைத்துவிடலாம் என்று நம்பினார். அப்படி நம்பி வாங்கிய இரும்பெல்லாம் ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அதனால்தான் தவக்காலத்தில் மனைவி மார்த்தா அவரை அந்தோணியார் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள்.

"இனி ஒரு துண்டு இரும்பு இந்த வீட்டுப் படி ஏறினா, நான் படி இறங்கி மோல்மேனுக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்!"

மார்த்தா சொன்னால் செய்கிறவள். ஆனால் எஞ்சின் வீட்டுப் படி ஏறவில்லையே, வண்டியில்தானே இருக்கிறது? இந்த நியாயம் அந்தோணியாருக்குப் புரியும். மார்த்தாவுக்குப் புரியாது. நாலு பேர் ஏற்றியதை ஒற்றை ஆளாக இறக்கவும் முடியாது. வண்டியோ பாரம் தாங்காமல் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. தூக்கி நிறுத்திவிட்டால் பாரம் யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் தாமுவேயில் தங்கவேலுவின் பட்டறைக்கு வண்டியை விட்டார். சந்தைக்குப் போகவேண்டும் என்று மார்த்தாவும் முன்னால் ஏறிக்கொண்டாள். அங்கேதான் சனி பிடித்தது.

"ஸ்பிரிங் பட்டை ரெண்டு கூடுதலாப் போடலாம்" என்றார் தங்கவேலு. "ஆனா வெறும் வண்டி ஓட்டுறப்போ உங்க எலும்பை எண்ணிடும்."

"வேற?"

"அச்சுக்கு மேல தேக்குக் கட்டை வைக்கலாம். மெத்துனு போகும். ஆனா பின்னால மட்டும் ஏறினா முன் விளக்கு ரோட்டைத்தான் பார்க்கும்."

"அப்போ நாலு பக்கமும் தூக்கு! ஆறு அங்குலம்!"

"தூக்கலாம். சந்து திரும்புறப்போ வண்டி படுத்துக்கும். ஆமா, பின்னால பாரம் ஏதும் இருக்கா?"

"பாரமா? வெறும் சாக்கு!"

மார்த்தா மெதுவாகக் கேட்டாள். "எப்போலருந்துங்க இப்படித் தாழ்ந்துபோச்சு?"

"மழை ஆரம்பிச்சதுலருந்துதான்."

"ஓ. நனைஞ்சு கனக்குது போல."

அகஸ்டின் பேச்சை மறுபடி தங்கவேலு பக்கம் திருப்பினார். பட்டையா கட்டையா என்று முழுதாக ஒரு மணி நேரம் யோசித்து, பட்டை என்று முடிவு செய்தார். பிறகு தங்கவேலுவின் காதோரம் குனிந்தார். "சாக்கைத் தொடாதேப்பா. உனக்குப் புண்ணியம்." மார்த்தா சந்தைக்குக் கிளம்ப, அவர் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறி லத்தாவுக்கு வேலைக்குப் போனார். அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. கண்ணுக்குள் மோல்மேன்தான் ஓடியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தெருமுனை வரை உல்ல மீன் குழம்பு வாசனை! மார்த்தாவும் சிரித்த முகமாக இருந்தாள். அகஸ்டின் மீன் தலையைக் கேட்டு வாங்கி மூன்று தட்டு சாப்பிட்டார்.

விடிந்ததும் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். ஆஸ்டின் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது.

"பார்த்தியா மார்த்தா? பட்டைன்னு நான் சொன்னது எப்படி?"

தங்கவேலு மார்த்தாவைப் பார்த்தார். மார்த்தா வானத்தைப் பார்த்தாள்.

வீட்டுத் தெருவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார்கள். கொப்பளிப்பே இல்லை. வாசலில் இறங்கி, பெருமையோடு பின்பக்கத்தைத் தட்டிக்கொடுக்கப் போன அகஸ்டினின் கை அப்படியே நின்றது. சாக்குகள் தட்டையாகக் கிடந்தன.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா முகம் இப்படி வெளுக்குது? தங்கவேலு அண்ணன் பட்டையும் போடல, கட்டையும் வைக்கல. நானும் அவரும் பட்டறைப் பசங்களும் அதைக் கோ மியாவோட படகுத்துறைக்கே கொண்டுபோய் இறக்கினோம். வண்டி தானா ஏறிடுச்சு."

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"முத நாளே. உங்க லோஞ்சிக் கைலியில ஒட்டின கிரீஸைத் துவைச்சது யாரு?"

"அப்போ மோல்மேன்...?"

"எதுக்கு? அது வீட்டுப் படி ஏறலையே!"

அப்பாடா! ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த எஞ்சின் இறங்கிவிட்டது. அகஸ்டினுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தார். பிறகுதான் பழைய ஆசை லேசாக எட்டிப்பார்த்தது.

"கோ மியா அதைச் சும்மாவா திருப்பி வாங்கிக்கிட்டார்? பதிலுக்கு ஒண்ணும் தரலையா?"

"தந்தாரே."

"எங்கே? என் கண்ணுலயே காட்டலையே?"

"காட்டினேனே. தலை எனக்குத்தான்னு கேட்டு வாங்கி, முள்ளு வரைக்கும் சப்பிச் சாப்பிட்டீங்க."