அறுபத்தொன்று என்ற எண்ணை வாபஸ் வாங்குவது குறித்து

என் அண்ணன் மகனும், மூன்று கிளைகள் கொண்ட இரத்தப் பரிசோதனை நிலையத்தின் தலைவனுமாகிய அன்புள்ள மருமகனுக்கு, அத்தை எழுதிக்கொள்வது.

நான் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. உன் நிலையம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதால் அழுத்தி எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். உன் கருவிகளின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம் என் எழுபத்து நான்காம் பிறந்தநாளுக்கு ஓர் உறை அனுப்பியிருந்தாய். பிரித்தால் வாழ்த்து அட்டை இல்லை. ‘அறுபத்தெட்டுப் பரிசோதனைகள் இலவசம், வெறும் வயிற்றில் வரவும்’ என்று ஒரு சீட்டு. பிறந்தநாளுக்கு என்னை வெறும் வயிற்றோடு வரச் சொன்ன முதல் உறவினன் நீதான். நிலையம் என் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறது. நேரில் வந்தே கொடுத்திருக்கலாம். போகட்டும், வேலை அதிகம். எட்டு மணிக்குத் திறக்கும் இடத்துக்கு நான் ஏழே முக்காலுக்குப் போய் நின்றேன். படிவத்தைக் கொடுத்தார்கள். ‘அவசரத்தில் அழைக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் என் பெயரையும் என் தொலைபேசி எண்ணையும் எழுதினேன்.

“உங்க நம்பரையே எழுதியிருக்கீங்களேம்மா?” என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

“என் வீட்ல எந்த அவசரம்னாலும் போனை எடுக்க நான் ஒருத்திதானே இருக்கேன்” என்றேன். படிவத்தை வாங்கி முத்திரை குத்தினாள்.

பிறகு ஊசிப் பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். இரத்தம் எடுப்பவளும் அவள்தான், உள்ளே கொண்டுபோய் அளப்பவளும் அவள்தான். “மாத்திரை ஏதாவது போடுறீங்களாம்மா?” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். இங்கே ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் காதோடு இருக்கட்டும். நான்கு மாதமாக முடி உதிர்வதற்கு ஒரு வைட்டமின் மாத்திரை போடுகிறேன். டப்பாவில் ஒன்று என்று போட்டிருக்கிறது. நான் மூன்று போடுகிறேன், எனக்கு அவசரம். அதை நான் ஊசிப் பெண்ணிடம் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாள் தெரியுமா? கான்வென்ட்டில் என்னோடு ஐந்து வருடம் படித்தவள். அந்தக் காலத்தில் என் இரட்டைச் சடை இடுப்பைத் தாண்டித் தொங்கும், அவளுடையது எலிவால். இப்போது அவள் தலையில் தேங்காய் அளவுக்குக் கொண்டை. அவளுடையதுதானா என்று இழுத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. அவள் எதிரில் நான் எப்படிச் சொல்வேன்? “ஒரு மாத்திரையும் கிடையாது” என்றேன். அது பொய்யும் அல்ல. முடிக்குப் போடுவது மருந்தில் சேராது, பராமரிப்பில் சேரும்.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. அறுபத்தேழு பரிசோதனைகளில் நான் முதல் வகுப்பு. அறுபத்தெட்டாவது, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன், இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டியது அறுபத்தொன்று என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. நீ என்ன செய்திருக்க வேண்டும்? என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். நீயோ கடல் தாண்டி என் மகனைக் கூப்பிட்டு, “அத்தைக்கு ஸ்ட்ரெஸ் எக்கச்சக்கமா எகிறிக் கிடக்கு, தனியா விட்டு வைக்காதே” என்று சொல்லிவிட்டாய். எனக்கு மன அழுத்தம் கிடையாது. எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. இரண்டும் வேறு.

அதுவரை என் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினொரு நிமிடம் பேசுவான், அதில் நாலு நிமிடம் மழை பெய்கிறதா இல்லையா என்பது. மற்ற ஆறு நாளும் என் வீட்டில் கேட்கும் மனிதக் குரல் வானொலியில் செய்தி வாசிப்பவருடையது. அவருக்கும் உச்சரிப்பு போதாது, நான் இங்கிருந்து திருத்துகிறேன், அவர் கேட்பதில்லை. அறுபத்தொன்று வந்த நாளிலிருந்து மகன் தினமும் கூப்பிடுகிறான். “சாப்பிட்டியாம்மா? தூங்கினியாம்மா? யார்கூடயாவது சண்டையாம்மா?” என்கிறான். “சண்டை போட ஆள் வேண்டாமாடா?” என்றால் அந்தப் பக்கம் பெருமூச்சு. ஒருநாள் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தான். “உள்ள இழு, நான் பத்து எண்ணுறவரைக்கும் பிடிச்சு வை” என்று எண்ணத் தொடங்கினான். ஆறில் இணைப்பு அறுந்துபோயிற்று. விடலாமா கூடாதா என்று தெரியாமல், அவன் மறுபடி கூப்பிடுவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது. இதெல்லாம் போதாதென்று, நான்கு வருடமாகக் கிடைக்காத விடுமுறை அவனுக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி வருகிறான், இரண்டு வாரம் இருக்கப்போகிறான். ஒரு தப்பான எண்ணுக்காக வேலையை விட்டுவிட்டு ஒருவன் ஓடிவருவதா? நான் ஒருநாளும் ‘வா’ என்று கேட்டவள் இல்லை. இனியும் கேட்க மாட்டேன்.

ஆகவே உன் நிலையத்துக்கு மறுபடி போனேன். “எதை வச்சு என்னை அளந்தேம்மா? அதைக் காட்டு” என்றேன். ஊசிப் பெண் முதலில் தயங்கினாள். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்ததும், குளிர்பெட்டியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்தாள். அதற்குள் சின்னச்சின்னக் குப்பிகள். உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழிகள். அடியில் எட்டாக மடித்த காகிதம், எறும்பு எழுத்தில் ஆங்கிலம்.

“இதைப் படிச்சிருக்கியா?”

“செய்முறை வரைக்கும் படிச்சிருக்கேம்மா. அதுக்குக் கீழ யாரும் போறதில்லை.”

நான் போனேன். பூதக்கண்ணாடி எப்போதும் கைப்பையில் இருக்கும். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, இலக்கணப் பிழை மூன்றைப் பென்சிலால் திருத்திக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தால், ‘வரம்புகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி: பயோட்டின் என்ற வைட்டமினை அதிக அளவில் உட்கொள்பவர்களின் இரத்தத்தில் முடிவு தவறாக வரும். என் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது அந்தப் பெயர்தான்.

கூடத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அம்மா! இந்தக் குழிக்குள்ள உட்கார இடம் கொஞ்சம்தான். உங்க ஹார்மோனும் நாங்க ஊத்துற ஹார்மோனும் அந்த இடத்துக்கு அடிச்சுக்கும். எங்களோடது நிறைய உட்கார்ந்தா நல்லா நிறம் வரும். நிறம் குறைஞ்சா உங்களோடது அதிகம்னு மிஷின் கணக்குப் போடும். உங்க முடி வைட்டமின் முன்னாடியே போய் எல்லா இடத்துலயும் துண்டைப் போட்டுடுச்சு. யாருமே உட்காரலை, நிறமே வரலை. மிஷின் பயந்துபோய் அறுபத்தொண்ணுன்னுடுச்சு.”

“உட்கார ஆளில்லாம வெறும் துண்டு மட்டும் கிடந்துதா?”

“ஆமாம்மா.”

சிரிப்பை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தாள். நாடி பார்க்கிறாளோ என்று நினைத்தேன், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நல்ல பெண். இந்தத் தவறுக்கு அவளை ஒரு வார்த்தை சொன்னாய் என்று கேள்விப்பட்டால், அத்தை நானே நேரில் வருவேன்.

இனி நீ செய்ய வேண்டியது: அந்த அறுபத்தொன்றை உடனே ரத்து செய். மாத்திரையை நிறுத்தி இன்றோடு ஒரு வாரம் ஆகிறது. நாளைக் காலை மறுபடி இரத்தம் கொடுக்க வருகிறேன். என் மகனுக்கு இன்றே தகவல் சொல், எண் தப்பு, அம்மா கல்லு மாதிரி இருக்கிறாள், விடுமுறையை வீணாக்காதே என்று. மாத்திரை எதற்கென்று மட்டும் சொல்லாதே.

உன் தொழில் செழிக்கட்டும், உன் குழிகளில் எல்லாம் சரியான நிறம் வரட்டும். உன் மனைவிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தை

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகன் கூப்பிட்டான். “என் ரூம்ல கட்டில் அப்படியே இருக்காம்மா? விரிப்பெல்லாம் நீ மாத்தாதே, நான் வந்து பாத்துக்கறேன்” என்றான். போன வாரமே துவைத்து, உலர்த்தி, இரண்டு முறை விரித்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லவில்லை. ஆகையால், நாளைக்கு எனக்குச் சௌகரியப்படாது. நாளை மறுநாளும் முடியாது. அவனுக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். மேலே உள்ளதை நீ படிக்கவில்லை. இருபதாம் தேதி காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு வருகிறோம்.